கோல்ஃப் என்ற பெயர் எப்படி வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ஜென்டில்மென் ஒன்லி, லேடீஸ் ஃபர்பிடன்' என்பதன் சுருக்கம்தான் கோல்ஃப் என்கிறார்களே, உண்மையா?

இல்லை. "உங்களுக்குத் தெரியுமா?" என்று தொடங்கும் வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளிலும் பொது அறிவுப் புத்தகங்களின் 'ஃபுல் ஃபார்ம்' பட்டியல்களிலும் இது பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆண்கள் மட்டும், பெண்களுக்கு அனுமதியில்லை என்று ஏதோ ஒரு கிளப் வாசலில் போர்டு மாட்டினார்களாம், அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து விளையாட்டுக்கே பெயர் வைத்துவிட்டார்களாம். ஜோக்காகச் சொன்னால் சரி, வரலாறாகச் சொன்னால் முதல் கேள்விக்கே நிற்காது.

ஏனென்றால் இந்தச் சொல் 1457-லேயே ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் சட்டம் ஒன்றில் இருக்கிறது. எழுத்துபூர்வமான விதிகளோடு ஒரு கோல்ஃப் சங்கம் நமக்குத் தெரிய வருவது 1744-ல், எடின்பரோ பக்கத்திலுள்ள லீத்தில். போர்டு மாட்ட கிளப் என்று ஒன்று வருவதற்கு ஏறத்தாழ 300 வருடம் முன்பே பெயர் புழக்கத்தில் இருந்திருக்கிறது. அதோடு, முதலெழுத்துகளைக் கோத்து அதையே ஒரு சொல்லாக வாசிக்கும் வழக்கம் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் சங்கதி. ராணுவமும் அரசு அலுவலகங்களும் பரப்பிய பழக்கம் அது. பதினைந்தாம் நூற்றாண்டில் எழுதத் தெரிந்தவர்களே கொஞ்சம் பேர், அவர்களும் அதே சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். கோஃப், கௌஃப், கோல்ஃப் என்று எல்லா மாதிரியும் கிடைக்கிறது. நடுவில் இருக்கும் 'எல்' பாதி இடத்தில் காணவே காணோம், அப்புறம் 'லேடீஸ்' எங்கிருந்து வருவார்கள்?

நியூஸ் என்றால் நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் என்று பள்ளிக்கூடத்தில் நம்மில் பலர் படித்திருப்போமே, அதுவும் இதே ரகம்தான். புதியவை என்ற பொருளில் வந்த சாதாரண பன்மைச் சொல் அது. இருபதாம் நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு யாராவது ஃபுல் ஃபார்ம் சொன்னால், முதலில் நம்பாமல் இருப்பதே நல்லது.

சரி, ஃபுல் ஃபார்ம் பொய். ஆனால் பெண்களை நிஜமாகவே ஒதுக்கி வைத்தார்கள்தானே?

ஒதுக்கினார்கள், அதில் சந்தேகமில்லை. இந்தக் கட்டுக்கதை இவ்வளவு நாள் உயிரோடு இருப்பதற்குக் காரணமும் அதுதான். விளையாட்டின் விதிகளைப் பல காலம் வகுத்துவந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்து ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கிளப் பெண்களை உறுப்பினராக்க ஒப்புக்கொண்டது 2014-ல்தான். அமெரிக்காவின் அகஸ்டா நேஷனல் 2012-ல் முதன்முதலாக இரண்டு பெண்களைச் சேர்த்தது, அதில் ஒருவர் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ். ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டு மைதானத்தை வைத்திருக்கும் கிளப் 2016-ல் வாக்கெடுப்பு நடத்தி முடியாது என்றது, மறுவருடம் மறுபடி வாக்கெடுத்து முடியும் என்றது.

ஆனால் விளையாட்டு வேறு, கிளப் வேறு. ஸ்காட்லாந்து ராணி மேரி, கணவர் டார்ன்லி 1567-ல் கொல்லப்பட்ட சில நாட்களிலேயே சீட்டன் என்ற இடத்தில் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார் என்று அவருடைய எதிரிகள் குற்றம் சாட்டினார்கள். நிஜமாக ஆடினாரா, அரசியல் பழியா என்பது வேறு விவகாரம். ஒரு பெண் கோல்ஃப் ஆடினாள் என்றால் அந்தக் காலத்து ஆட்கள் நம்பக்கூடிய விஷயமாகத்தான் அது இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் பழியாகப் போட்டிருக்க மாட்டார்கள். 1811-ல் ஆடுவதற்காக மசல்பரோ ஊர் மீனவப் பெண்களுக்கென்றே ஒரு போட்டி அறிவித்தார்கள், பரிசு ஒரு மீன் கூடை, ஒரு சால்வை, சில பட்டுக் கைக்குட்டைகள். 1867-ல் செயின்ட் ஆண்ட்ரூஸிலேயே பெண்கள் தனி கிளப் தொடங்கிவிட்டார்கள்.

முதன்முதலில் இந்தச் சொல் எழுத்தில் வருவது எங்கே?

தடை உத்தரவு ஒன்றில். ஸ்காட்லாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1457 மார்ச் மாதம் நாடாளுமன்றம் போட்ட சட்டம் அது. (அன்று அவர்களுக்கு வருடம் மார்ச் 25-ல் பிறந்ததால், நம் கணக்குக்கு 1458 என்று சில புத்தகங்களில் இருக்கும். இரண்டும் ஒரே சட்டம்தான்.) ஃபுட்பாலையும் 'தி கோல்ஃப்'-ஐயும் அடியோடு நிறுத்த வேண்டும், யாரும் ஆடக் கூடாது என்கிறது.

காரணம் இங்கிலாந்தோடு ஓயாத சண்டை. இங்கிலாந்துக்காரர்களின் வில்லாளிகள் பேர் போனவர்கள், இங்கே நம் பையன்கள் பந்தடித்துக்கொண்டு திரிகிறார்களே என்று அரசுக்குக் கவலை. அதனால் ஒவ்வொரு தேவாலயத்தின் அருகிலும் அம்பெய்யக் குறிமேடு கட்டச் சொன்னார்கள். 12 வயதைத் தாண்டி 50-க்குள் இருக்கும் ஆண்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆளுக்குக் குறைந்தது ஆறு அம்பு விட வேண்டும். வராதவனுக்கு 2 பென்ஸ் அபராதம், அந்தக் காசு வந்தவர்கள் குடிப்பதற்கு! அபராதத்தை இவ்வளவு ஆர்வமாக வசூலிக்க வைக்கும் வேறொரு சட்டத்தை நான் பார்த்ததில்லை. அம்பு பயிலச் சொன்ன மன்னர் 1460-ல் ராக்ஸ்பரோ கோட்டை முற்றுகையில் தன் பக்கத்துப் பீரங்கி ஒன்று வெடித்து இறந்துபோனார்.

யாரும் கேட்டபாடில்லை போலிருக்கிறது, ஏனென்றால் 1471-ல் அடுத்த மன்னர் அதே தடையை மறுபடி போட்டார், 1491-ல் நான்காம் ஜேம்ஸ் காலத்தில் மூன்றாவது தடவை. இந்த மூன்றாவது சட்டத்தில் எழுத்துக்கூட்டல் மாறி, 'கௌஃப்' என்று வாசிக்கும்படி இருக்கிறது, பயனற்ற விளையாட்டுகள் என்று திட்டும் விழுகிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். அந்த 1457 சட்டத்தில் பெயர் மட்டும்தான் இருக்கிறது, எப்படி ஆடினார்கள் என்று ஒரு வரியும் இல்லை. ஃபுட்பாலோடு சேர்த்துத் தடை செய்திருப்பதால், அன்றைக்குக் கோல்ஃப் என்றது இன்றைய ஹாக்கி மாதிரி இரண்டு கட்சி மோதிக்கொள்ளும் முரட்டு ஆட்டமாக இருந்திருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

தடை போட்ட மன்னரே பிறகு ஆடினார் என்கிறார்களே?

ஆமாம், நான்காம் ஜேம்ஸ். இங்கிலாந்தோடு 1502-ல் சமாதான உடன்படிக்கை ஆனது. அதே வருடம் செப்டம்பரில் பெர்த் ஊரைச் சேர்ந்த ஒருவரிடம் மன்னருக்காக மட்டைகள் வாங்கியதாக அரண்மனைக் கணக்கில் 14 ஷில்லிங் எழுதியிருக்கிறது. விற்றவர் யார் தெரியுமா, ஒரு வில் செய்கிறவர். விற்போர்ப் பயிற்சிக்காகத் தடை செய்த ஆட்டத்துக்கு வில் செய்யும் கையாலேயே மட்டை. மரத்தை வளைத்துப் பதம் பார்க்கத் தெரிந்தவர் அவர்தானே!

இப்போது விஷயத்துக்கு வருவோம். சொல்லின் வேர் எது?

பெரும்பாலான அகராதிகள் காட்டும் திசை டச்சு மொழி. இடைக்கால டச்சில் 'கோல்ஃப்', 'கோல்வ' என்று 'ka' என ஒலிக்கும் ககரத்தோடு தொடங்கும் ஒரு சொல் உண்டு, அர்த்தம் கோல், தடி, பந்தடிக்கும் மட்டை. இது அந்த மொழிக் குடும்பம் முழுக்கப் பரவிய பழைய சொல். ஜெர்மனில் 'கோல்பன்' என்றால் குண்டாந்தடி, மக்காச்சோளக் கதிர், எஞ்சின் பிஸ்டன் என்று ஒரு முனை பருத்த எதுவும் அதுதான். ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் 'கோல்ஃப்ர்' என்றால் மணியின் நாக்கு. இன்றைய டச்சிலும் துப்பாக்கியின் அடிக்கட்டைக்கு இதுதான் பெயர். கம்பின் நுனியில் பருமனாக ஒன்று இருந்தால் அந்தப் பெயர், அவ்வளவுதான் அடிப்படைக் கருத்து. கோல்ஃப் மட்டையை மனதில் நினைத்துப் பாருங்கள், அச்சு அசலாகப் பொருந்தும்.

போக்குவரத்துக்கும் பஞ்சமில்லை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரைத் துறைமுகங்களிலிருந்து கம்பளி கப்பலேறி ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியத்தின் வட பகுதி) பக்கம் போனது, அங்கிருந்து சரக்கு திரும்பி வந்தது. பந்துகூட அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. இவ்வளவு தங்கமும் வெள்ளியும் பந்து வாங்கவே வெளிநாட்டுக்குப் போகிறதே என்று 1618-ல் ஆறாம் ஜேம்ஸ் மன்னர் உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் பந்து செய்யும் ஏகபோக உரிமையையே கொடுத்தார்.

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது, ஏன் 'இருக்கலாம்' என்றே எழுதுகிறார்கள்?

மூன்று இடத்தில் உதைக்கிறது.

முதலாவது ஒலி. டச்சில் 'க' என்று வல்லெழுத்தாகத் தொடங்குவது ஸ்காட்லாந்தில் ஏன் 'ga' என்று ஒலிக்கும் மென்மையான ஒலியாக வேண்டும்? தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் நமக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் ஆங்கிலத்திலும் ஸ்காட்ஸ் மொழியிலும் இரண்டும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு சொல். கேட்டவர்கள் மாற்றிக் கேட்டிருக்கலாம், ஆனால் இந்தச் சொல் ஸ்காட்லாந்தில் ககரத்தோடு எழுதப்பட்ட பழைய சான்று கிடைத்தால் மட்டுமே அதை உறுதியாகச் சொல்ல முடியும்.

இரண்டாவது, பழைய டச்சுச் சான்றுகளில் இந்தச் சொல் பெரும்பாலும் கருவியின் பெயராகத்தான் வருகிறது. 'மட்டையால் பந்தடிப்பது' என்று எழுதுவார்கள். ஸ்காட்லாந்திலோ முதல் சான்றிலேயே அது ஆட்டத்தின் பெயர்.

மூன்றாவது, ஸ்காட்ஸ் மொழியிலேயே 'கௌஃப்' என்றால் அடி, அறை என்று ஒரு பொருள் உண்டு. சொல் உள்ளூரிலேயே பிறந்தது என்று வாதிடுகிறவர்கள் இதைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தப் பொருளுக்குக் கிடைக்கும் சான்றுகள் விளையாட்டின் பெயருக்கு ரொம்பப் பிற்பட்டவை, ஆகவே விளையாட்டிலிருந்துதான் அடிக்கு அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணமும்.

மொத்தத்தில் டச்சு விளக்கம்தான் கையிலிருப்பவற்றில் சிறந்தது, ஆனால் வழக்கு முடியவில்லை.

டச்சுக்காரர்கள் ஆடியதும் கோல்ஃப்தானா?

உறவுக்கார விளையாட்டு என்று சொல்லலாம். அங்கே சான்றுகள் ஸ்காட்லாந்தை விடப் பழையவை. 1261 வாக்கில் யாகப் வான் மார்லன்ட் என்ற டச்சுக் கவிஞர் எழுதிய, மந்திரவாதி மெர்லினின் கதைப் பாட்டில், பந்தாடும் இடத்தில் சிறுவன் மெர்லின் இன்னொரு பையனை வேண்டுமென்றே மட்டையால் காலில் அடித்துச் சண்டைக்கு இழுக்கிறான். அந்த மட்டைக்கு இதே சொல்தான். 1360-ல் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் மட்டையும் பந்துமாக ஆடினால் 20 ஷில்லிங் அபராதம், இல்லாவிட்டால் மேலே போட்டிருக்கும் உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 1387-ல் பிரில் நகரத்துக்குக் கொடுத்த சாசனம், ஆடுவதானால் கோட்டை மதிலுக்கு வெளியே ஆடிக்கொள்ளுங்கள் என்கிறது. 1389-ல் ஹார்லம் நகரத்துக்கு விளையாடுவதற்கென்றே ஊருக்கு வெளியே திறந்தவெளி கிடைத்தது.

கவனித்தீர்களா, கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இந்த ஆட்டத்தைப் பற்றி நமக்குத் தெரிவதில் பாதி, யாரோ எரிச்சலடைந்து போட்ட உத்தரவுகளால்தான். ஜன்னல் உடைந்தது, ஆள் மேல் பந்து பட்டது என்று புகார் போகாமல் இருந்திருந்தால் இந்தச் சொல்லுக்குப் பழைய சான்றே இருந்திருக்காது. டச்சுக்காரர்கள் அமெரிக்காவுக்குப் போனபோது கூடவே பிரச்சினையும் போயிற்று. இன்று ஆல்பனி என்று அழைக்கப்படும் ஃபோர்ட் ஆரஞ்ச் குடியிருப்பில் 1659-ல் தெருவில் ஆடத் தடை, மீறினால் 25 கில்டர்.

எனக்குப் பிடித்த சான்று வேறு. வில்லெம் பாரன்ட்ஸ் என்ற மாலுமியின் குழு வடதுருவப் பக்கம் வழி தேடிப் போய், நோவயா ஸெம்லியா தீவில் கப்பல் பனியில் சிக்கி, மரக்குடில் கட்டிக் குளிர்காலத்தை ஓட்டியது. 1597 ஏப்ரலில் வெயில் தெளிந்த ஒரு நாள், மூட்டுகள் கொஞ்சம் இளகட்டும் என்று ஒரு மட்டை செய்து வெளியே வந்து ஆடினார்கள் என்று அந்தக் குழுவில் இருந்த ஹெரிட் டி வேர் எழுதி வைத்திருக்கிறார். அந்த நிலையிலும் செய்யத் தோன்றியது மட்டைதான்.

ஆட்டத்தில் பெரிய வித்தியாசம் இலக்கில். டச்சு ஆட்டத்தில் ஒரு கம்பத்தையோ கதவையோ குறிவைத்து அடிப்பது சகஜம். ஹென்ரிக் ஆவர்காம்பின் பனிக்கால ஓவியங்களில் உறைந்த ஆற்றின் மேல் மட்டையோடு நிற்கும் ஆட்களைப் பார்க்கலாம், பனிக்கட்டியில் குழி தோண்டி யார் ஆடுவார்கள்? 1700 வாக்கில் இந்த நெடுந்தூர ஆட்டம் மங்கிப்போய், இரண்டு முனையிலும் கம்பம் நட்ட சிறிய களத்தில் ஆடும் 'கோல்ஃப்' (தொடக்கம் 'ka' ஒலி) ஆகிவிட்டது. வட ஹாலந்தில் இன்றும் அதை ஆடுகிற சங்கங்கள் உண்டு. குழியில் பந்தைப் போட்டுவிட்டு அடுத்த குழிக்கு நடப்பது என்ற இன்றைய வடிவம் ஸ்காட்லாந்தில்தான் உருவானது, 18 குழி என்ற கணக்கும் 1764-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் 22-ஐக் குறைத்ததால் வந்தது.

சிலர் 'கோஃப்' என்று உச்சரிக்கிறார்களே, தப்பா?

தப்பில்லை, பழசு. ஸ்காட்ஸ் மொழியில் உயிருக்குப் பின்னால் வரும் லகரம் கரைந்துபோவது வழக்கம், தங்கத்தைக்கூட 'கௌட்' என்றுதான் சொல்வார்கள். அதே முறையில் இது 'கௌஃப்'. 1743-ல் எடின்பரோவில் தாமஸ் மேத்திசன் இந்த விளையாட்டைப் பற்றி அச்சிட்ட வேடிக்கைக் காவியத்தின் தலைப்பே 'தி கோஃப்'. இங்கிலாந்தின் மேல்தட்டு ஆட்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை லகரமில்லாமல் சொல்வதைக் கௌரவமாக நினைத்தார்கள். எழுத்தைப் பார்த்துப் படித்தவர்கள் பெருகியபோது லகரம் ஜெயித்துவிட்டது.

தமிழ்க் 'கோல்' தான் கோல்ஃப் ஆனது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்...

பார்த்தவுடன் ஆசையாகத்தான் இருக்கும். கோல் என்றால் தடி, அங்கேயும் தடி, ஒலியும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் ஒலி ஒற்றுமை மட்டும் வைத்து உறவு சொல்ல முடியாது. அந்தப் பக்கத்து மொழிகளின் வேரில் கடைசியில் இருக்கும் ஃப அல்லது ப ஒலி ஒட்டு அல்ல, வேரின் பகுதி. ஜெர்மன், டச்சு, நார்ஸ் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. நம் கோலில், அதன் தெலுங்கு, கன்னட உறவுகளில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து ஃபிளாண்டர்ஸ் வரை அந்தச் சொல் எந்த வழியாக, எந்த நூற்றாண்டில் போனது என்று கேட்டால் வீடியோக்காரரிடம் பதில் இருக்காது. செங்கோலும் எழுதுகோலும் தராசுக்கோலும் இருக்கும் சொல்லுக்கு இந்தக் கடன் பெருமை தேவையும் இல்லை.

சீனாவில்தான் பிறந்தது என்பது?

விளையாட்டைப் பற்றிய கேள்வி அது, சொல்லைப் பற்றியது அல்ல. 'சுய்வான்' என்று சீனாவில் சோங் வம்சக் காலத்திலேயே மட்டையால் பந்தடித்துக் குழியில் போடும் ஆட்டம் இருந்தது, அதற்கு 1282-ல் எழுதப்பட்ட விதிமுறை நூலும் இருக்கிறது. கோல்ஃபை விட விதிகள் பழசு, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் பெயருக்கு அங்கே பொருள் 'பந்தை அடிப்பது', இந்தச் சொல்லோடு எந்த ஒட்டுறவும் இல்லை. குச்சி, உருண்டை, குழி மூன்றும் இருக்கும் இடத்தில் இப்படியொரு ஆட்டம் தானாகவே முளைக்கும்.

வளைகுடாவைக் குறிக்கும் 'கல்ஃப்' உறவா?

இல்லை. அது கிரேக்கத்தில் மடி, வளைவு என்ற பொருளுடைய 'கோல்பொஸ்' என்ற சொல்லிலிருந்து இத்தாலி, பிரான்ஸ் வழியாக வந்தது. குழப்பத்துக்குக் காரணம் ஜெர்மனில் விளையாட்டுக்கும் வளைகுடாவுக்கும் எழுத்து ஒன்று. டச்சில் இன்னும் வேடிக்கை, அங்கே அதே எழுத்துக்கோவைக்கு அலை என்றும் பொருள். பெல்ஜியத்து டச்சுக்காரர் வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பின் பெயரிலும் ஒரு 'கோல்ஃப்' இருக்கும்!

விமானி 'கோல்ஃப்' என்று ரேடியோவில் சொல்கிறாரே, அது?

ஆங்கிலத்தின் 'ஜி' எழுத்துக்கான குறிச்சொல். ஃபாக்ஸ்ட்ராட், கோல்ஃப், ஹோட்டல் என்று வரும். இன்றைய பட்டியல் 1956-லிருந்து உள்ளது.

கேடி, டீ, பங்கர்? இவையும் டச்சா?

'கேடி' பிரெஞ்சு, இளைய மகன் என்ற பொருளுடைய 'காடே'-யிலிருந்து வந்து, எடின்பரோவில் எடுபிடி வேலை செய்கிற பையன்களுக்குப் பெயராகி, அப்புறம் மட்டைப் பை தூக்குகிறவருக்கு ஆனது. ராணி மேரி பிரான்சிலிருந்து கூட்டிவந்த பையன்களால் வந்த பெயர் என்ற கதைக்கு ஆதாரமில்லை. நம் ஊர் போலீஸ் பட்டியலில் இருக்கிற கேடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'டீ' பழைய ஸ்காட்ஸ் சொல், முதலில் பந்தை வைக்கக் குவித்த மண். மணல் குழிக்கான 'பங்கர்' ஸ்காட்லாந்தில் பெட்டியையோ பெஞ்சையோ குறித்தது. கடலோர கோல்ஃப் மைதானத்துக்கான 'லிங்க்ஸ்' பழைய ஆங்கிலத்தில் மேட்டு நிலம், பிறகு கடலோர மணல்வெளி. ஒரு குழிக்கு நிர்ணயித்த அடிகளில் ஒன்று குறைவாக முடிப்பதைச் சொல்லும் 'பேர்டி' மட்டும் அமெரிக்க வரவு, அங்கே அந்தக் காலத்தில் நல்லதாக எது இருந்தாலும் 'பேர்டு' என்பார்கள்.

தமிழில் எப்படி எழுதுவது?

கோல்ஃப், கோல்ப், கோல்ஃபு எல்லாம் புழக்கத்தில் இருக்கிறது. குழிப்பந்தாட்டம் என்ற சொல்லும் இருக்கிறது, கட்டுரையில் நன்றாக உட்காருகிறது, ஆனால் பேச்சில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான் ஆய்த எழுத்தோடு கோல்ஃப் என்றே எழுதுகிறேன். ஐந்நூறு வருடமாக இந்தச் சொல்லை எழுதியவர்களே ஒரு முடிவுக்கு வராதபோது, நீங்கள் வேறு மாதிரி எழுதினால் அதற்காகச் சண்டைக்கு வர மாட்டேன்.